களுவாஞ்சிகுடியில் முற்பிறப்பைப் பற்றிப் பேசும் சிறுமி: ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கல்லடிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் மகளுக்கு மூன்றரை வயதாகிறது. அவர்கள் களுவாஞ்சிகுடியில் இருக்கிறார்கள். நான் கல்லடியில் இருக்கிறேன். மூன்று மாதங்களாகப் பிள்ளை தன்னுடைய 'மற்ற வீடு' என்று ஒன்றைப் பற்றிக் கதைத்து வருகிறாள். அவள் முதன்முதலாக அதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். தங்கை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பிள்ளை நிலத்தில் இருந்து சிரட்டைகளை அடுக்கியபடி, எவரையும் பார்க்காமல், "எண்ட மற்ற வீடு கடலுக்குப் பக்கத்தில. தண்ணி வந்திட்டு" என்றாள். தங்கையின் கை அப்படியே நின்றுவிட்டது. 'தண்ணி வந்திட்டு' என்ற சொல் எங்கள் கரையில் எதைக் குறிக்கும் என்று இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

2004 மார்கழிச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிள்ளை ஒன்று திரும்பி வந்திருக்கிறது என்று அம்மம்மா அன்றே முடிவு செய்துவிட்டார். செய்தி மாமிமார், மச்சாள்மார் வாயாகப் பரவி, நாவலடியில் ஆறு வயது மகளை இழந்த ஒரு குடும்பத்தின் காதுக்கும் போய்விட்டது. அந்தத் தாய் வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க வர விரும்புகிறார். தங்கையின் கணவருக்கு இதில் விருப்பமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியிடம் 'வர வேண்டாம்' என்று சொல்லத் தங்கைக்கு வாய் வரவில்லை.

இத்தகைய பேச்சுகளை விஞ்ஞான முறைப்படி எவரேனும் ஆராய்ந்திருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் நாங்கள் செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது என்று ஏதும் உண்டா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

படுவான்கரையார் எழுதியது:

மகள், வேறெதற்கும் முன்னர் இன்றைக்கே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, பிள்ளை இதுவரை சொன்ன ஒவ்வொன்றையும் அவள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். எந்தத் திகதி, எந்த நேரம், அருகில் யார் இருந்தார்கள், அவள் தானாகச் சொன்னாளா அல்லது எவரேனும் கேட்டதற்கு மறுமொழியாகச் சொன்னாளா என்பனவும் அதில் இருக்க வேண்டும். நாவலடிக் குடும்பத்தாரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னர் இது முடிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்த ஆய்வின் சாரம் இந்த ஒரு வேலைக்குள் அடங்கிவிடும் என்பதே என் எண்ணம். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு உளமருத்துவத் துறைத் தலைவரான இயன் ஸ்டீவன்சன் என்பவரே இவ்வகை ஆய்வைத் தொடங்கி வைத்தவர். 1960இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, ஒளிப்பிரதி இயந்திரத்தைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனின் கவனத்தை ஈர்த்தது. கார்ல்சன் பண உதவி செய்தார். 1968இல் அவர் இறந்தபோது அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பத்து இலட்சம் டொலரை விட்டுச் சென்றார். ஸ்டீவன்சன் 1961இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, முற்பிறப்பைப் பற்றிப் பேசிய பிள்ளைகளையும் அவர்களின் உறவினரையும் நேரில் கண்டார். 1966இல் வந்த, இத்துறையில் அவருடைய முதல் நூல் இருபது நேர்வுகளைப் பேசுகிறது. மறுபிறப்பு என்று கருத இடந்தருபவை என்பதற்கு மேல் அவற்றை உயர்த்திச் சொல்லாமல், நூலின் பெயரிலேயே அந்த அடக்கத்தை அவர் காட்டியிருந்தார். இலங்கை நேர்வுகளுக்கென்றே 1977இல் தனியாக ஒரு தொகுதி வந்தது. 2007இல் அவர் இறந்த பின்னர் ஜிம் டக்கர் என்ற சிறுவர் உளமருத்துவர் அப்பணியைத் தொடர்ந்தார். அங்கே சேர்ந்திருக்கும் நேர்வுகள் 2,500க்கு மேற்பட்டவை.

அவற்றில் திரும்பத் திரும்ப வரும் போக்கு ஒன்று உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பேசத் தொடங்கி, ஆறு ஏழு வயதளவில் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் குறிப்பிடும் மரணங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது இயற்கையல்லாதவை. மரணத்துக்கும் பிறப்புக்கும் இடைப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, ஏறத்தாழ 16 மாதங்கள். உங்கள் பிள்ளையின் விடயத்தில் இடைவெளி பதினேழு ஆண்டுகள் அளவில் இருக்கிறது. அதை மட்டும் வைத்து நான் எதையும் தள்ளவோ கொள்ளவோ மாட்டேன். ஆனாலும் அது குறித்து வைக்க வேண்டிய செய்தி.

பெரும்பாலான நேர்வுகளில் இரண்டு குடும்பங்களும் சந்தித்த பின்னரே ஆய்வாளர் வந்து சேர்ந்தார் என்பதுதான் எல்லா விமர்சகர்களும் கைவைக்கும் இடம். சந்திப்புக்கு முன்னர் பிள்ளை என்ன சொன்னது, பின்னர் என்ன சேர்ந்தது என்று எவராலும் பிரிக்க முடியாது. இதனை உணர்ந்த ஸ்டீவன்சனும், கண்டிக்கு அருகே நிலம்பையில் தியானம் கற்பித்துவந்த கொட்வின் சமரரத்னவும், குடும்பம் கண்டறியப்படுவதற்கு முன்னரே கூற்றுகள் எழுத்தில் பதிவான மூன்று இலங்கை நேர்வுகளை 1988இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று கதிர்காமத்தைப் பற்றியது. அங்கே ஒருமுறையேனும் போயிராத சிறுமி ஒருத்தி, வீட்டில் கதிர்காமம் என்ற பெயர் காதில் விழுந்ததும், அங்கே ஆற்றில் குறைபாடுள்ள தன் சகோதரன் தள்ளித் தான் இறந்ததாகவும், தன் தந்தை விகாரைக்கு அருகே பூ விற்றதாகவும், அவருக்குத் தலையில் மயிர் இல்லை என்றும், வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இருந்ததாகவும், அங்கே மக்கள் தேங்காய் உடைப்பார்கள் என்றும் சொன்னாள். தேடிப் பார்த்தபோது, ஆற்றில் மகளைப் பறிகொடுத்த பூ வியாபாரி ஒருவர் இருந்தார். சரிபார்க்கக்கூடிய 30 கூற்றுகளில் 27 பொருந்தின. தந்தைக்கு வழுக்கை என்பது பிழைத்தது. பாட்டனுக்கும் மாமனுக்குமே வழுக்கை இருந்தது.

உகந்தை வழியாக நான்கு முறை கால்நடையாகக் கதிர்காமம் போனவன் நான். கோயில் முன்றலில் தேங்காய் உடைப்பதும், பூக்கடைகள் வரிசையாக இருப்பதும், மாணிக்க கங்கையில் ஆட்கள் அள்ளுண்டு போவதும் இந்த நாட்டில் எந்தப் பிள்ளையின் காதிலும் விழக்கூடிய செய்திகள். ஆகவே 27 என்ற எண்ணிக்கையைக் கண்டு நான் மலைத்துப்போகவில்லை. குறைபாடுள்ள சகோதரன் உடனிருந்த வேளையில் மூழ்கிய பூ வியாபாரியின் மகள் என்ற சேர்க்கை வேறு எத்தனை வீடுகளுக்குப் பொருந்தும் என்ற கேள்வியிலேயே என் மனம் நிற்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க முடிவதே, எழுதிய தாள் ஒன்று முன்கூட்டி இருந்ததனால்தான்.

அக்கரைப்பற்றான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் மார்க்கத்தில் மறுபிறப்பு என்ற நம்பிக்கைக்கு இடமில்லை என்பது தெரிந்ததே. அதை வைத்து இங்கே வாதிட நான் வரவில்லை. மற்றவர்களின் நம்பிக்கையைக் குத்திப் பார்ப்பதும் என் நோக்கமில்லை. படுவான்கரை ஐயா சொன்ன அதே ஆய்வுகளில், நம்பிக்கைக்கும் நினைவுக்கும் இடையில் தெரியும் ஓர் உறவை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

ஸ்டீவன்சன் லெபனானிலும் துருக்கியிலும் திரட்டிய நேர்வுகளில், துரூஸ் சமூகத்தாரிடையேயும் அலெவி சமூகத்தாரிடையேயும், ஆணாக இறந்தவர் பெண்ணாகப் பிறந்ததாகச் சொல்லும் பிள்ளை ஒன்றேனும் கிடைக்கவில்லை. மறுபிறப்பில் பால் மாறாது என்பதே அந்தச் சமூகங்களின் நம்பிக்கை. பால் மாறலாம் என்று நம்பும் மியன்மாரில் அவ்வாறு சொல்லும் பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள். அலாஸ்காவின் டிலிங்கிட் மக்கள் தாய்வழியில் குலம் கணிப்பவர்கள். அங்கே பெரும்பாலும் தாய்வழி உறவினர் ஒருவரே திரும்பிப் பிறந்ததாகச் சொல்லப்பட்டது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழரும் முஸ்லிம்களுமாக நாம் தாய்வழியிலேயே குடி பார்க்கிறவர்கள் என்பதால் இந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. உயிர் ஒன்று உடல் மாறுவது இயற்கையின் விதியாக இருக்குமானால், அது எல்லை தாண்டும்போது சமூகத்துக்குச் சமூகம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளுமா? கதையின் வடிவத்தைச் சமூகம் கொடுக்கிறது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக இருந்த சி.டி.கே. சாரி, இதே காரணத்தைக் காட்டி, இந்தியச் சூழலை நன்கறிந்தவராக ஸ்டீவன்சனை மறுத்து எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, கடலோரத்தில் வளரும் பிள்ளை ஒவ்வொரு மார்கழி 26ஆம் திகதியும் கரையில் விளக்கேற்றுவதைப் பார்க்கிறது. பெரியவர்கள் அழுவதைப் பார்க்கிறது. சாய்ந்தமருதிலிருந்து திருக்கோவில் வரை அந்தப் பேச்சு இல்லாத வீடு உண்டா? எங்கள் வீட்டில் 2015இல் பிறந்த மகன், தான் கண்டிராத அலையைக் கண்டவன் போலவே வரைகிறான்.

எழுவான்கரை எழுதியது:

கல்லடிக்காரி அக்கா, நான் உளவியல் படித்து முன்பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். மறுபிறப்பு உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறது.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் செசியும் அவருடைய குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஒரு சோதனையை வாசித்துப் பாருங்கள். முன்பள்ளி வயதுப் பிள்ளைகளிடம், அவர்களுக்கு ஒருபோதும் நடக்காத ஒன்றைக் காட்டி, உதாரணமாக எலிப்பொறியில் விரல் அகப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதை, "இது உனக்கு நடந்ததா, யோசித்துப் பார்" என்று கிழமைக்கு ஒருமுறையாகப் பத்துக் கிழமைகள் அளவில் கேட்டார்கள். இறுதியில் நூற்றுக்கு 58 பிள்ளைகள் அவ்வாறான பொய்ச் சம்பவம் ஒன்றையேனும் நடந்ததாகவே விவரித்தார்கள். யார் கூட்டிப் போனது, விரல் எப்படி வலித்தது என்றெல்லாம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. கேட்கக் கேட்கப் படம் ஒன்று மனதில் எழுகிறது. எழுந்த படம் கண்டதா, கேட்டதா, நினைத்ததா என்று பிரித்தறியும் ஆற்றல் அந்த வயதில் முதிர்ந்திருப்பதில்லை. வளர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்ல. எலிசபெத் லொஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட 24 பேரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் அந்த நடக்காத சம்பவத்தை முழுமையாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் எர்லண்டூர் ஹரால்ட்சன் 1980களின் இறுதியிலிருந்து இலங்கையில் இவ்வாறான பிள்ளைகளைச் சோதித்தார். சொல்வளத்திலும் படிப்பிலும் அவர்கள் மற்றப் பிள்ளைகளை விட முன்னே நின்றார்கள். பிறர் சொல்லுக்கு எளிதில் இணங்கும் தன்மை அவர்களிடம் கூடுதலாகக் காணப்படவில்லை. ஆனால் பிடிவாதம், பதற்றம் முதலியவை கூடுதலாக இருப்பதாகப் பெற்றோர் தெரிவித்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் எவரும் பிள்ளையிடம் கேள்வி கேட்க வேண்டாம். அவள் தானாகக் கதைத்தால் "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். புகைப்படம் காட்டி "இது ஆர்?" என்று கேட்பதை முற்றாகத் தவிருங்கள். அவள் சொல்வனவற்றுக்கு ஒத்தது ஏதும் இந்த வீட்டிலேயே அண்மையில் நடந்ததா என்பதையும் தேடிப் பாருங்கள்.

கல்லடிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எழுவான்கரைத் தங்கச்சி எழுதியதை வாசித்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏனென்றால் நாங்கள் செய்யக்கூடாததையெல்லாம் செய்துவிட்டோம். அம்மம்மா ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளையை மடியில் வைத்து, "உங்கட வீட்டுக்குப் பின்னால மாதா கோயில் இருந்ததா, மகள்?" என்று கேட்டிருக்கிறார். நாவலடிக் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் என்று அவருக்கு அதற்கு முன்னரே தெரியும். பிள்ளை முதலில் பேசாமல் இருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் "ஓம், மாதா இருக்கிறா" என்றிருக்கிறாள். அம்மம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவருடைய தங்கையும் அந்தக் கடலில்தான் போனார்.

இன்னொன்று. பிள்ளை அடிக்கடி "எண்ட தோடு ஒண்டு தண்ணிக்குள்ள விழுந்திட்டு" என்று சொல்வாள். எங்கள் எல்லோரையும் உலுக்கியது அந்தச் சொல்தான். இப்போது தங்கை யோசித்துப் பார்த்துச் சொல்கிறாள்: ஆனி மாதம் ஒரு கல்யாண வீட்டில் கிணற்றடியில் பிள்ளையின் இடப்பக்கத் தோடு கழன்று விழுந்திருக்கிறது. பெரிய சத்தமாகத் தேடியிருக்கிறார்கள்.

பகுத்தறிவன் எழுதியது:

இதற்குப் பிறகும் எதை ஆராய்வது? யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்து பின்னர் கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தி எதையேனும் ஏமாற்றில்லாத நிலையில் நிரூபிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும் வரை அதை எவராலும் பெற முடியவில்லை. மெய்யியலாளர் போல் எட்வர்ட்ஸ் 1996இல் மறுபிறப்பை மறுத்து ஒரு நூலே எழுதினார். மூளை அழிந்த பின்னர் நினைவு எதில் தங்கி, எந்த வழியால் இன்னொரு கருவுக்குள் போகிறது என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை மறுமொழி இல்லை. வழியே சொல்ல முடியாத ஒன்றுக்கு 2,500 சாட்சிகளைச் சேர்த்தாலும் அவை சாட்சிகளாகவே இருக்கும். பிள்ளையின் எதிர்காலத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பை நிறுத்துங்கள்.

படுவான்கரையார் எழுதியது:

தம்பி, சந்திப்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். மற்றதில் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். வழி தெரியவில்லை என்பதனால் கண்ட செய்தியைப் பதியாமல் விடுவது ஆய்வாகாது. எதையும் எளிதில் நம்பாத வானியலாளர் கார்ல் சேகனே, சிறு பிள்ளைகள் முற்பிறப்பைப் பற்றிச் சொல்லும் விபரங்கள் சில சரிபார்த்தபோது பொருந்துவதாகக் கூறப்படுவதை, தீவிரமாக ஆராயத்தக்க மூன்று கூற்றுகளில் ஒன்றாகச் சேர்த்தார். அது உண்மையாக இருக்கும் என்று தாம் நினைப்பதாக அவர் சொல்லவில்லை, ஆராயலாம் என்றார்.

அதேவேளை, ஸ்டீவன்சன் சேர்த்த இலங்கை நேர்வுகளில் பலவீனமானவற்றையும் மறைக்கக்கூடாது. 1947இல் வலது கை குறைபாட்டுடன் பிறந்த சிறுவன் ஒருவன், மனைவியைக் கொன்ற குற்றத்துக்காக 1928இல் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் வாழ்வைத் தன்னுடையது என்று சொன்னான். தூக்கிலிடப்பட்டவன் அவனுடைய தந்தையின் சொந்தத் தம்பி. அந்த வீட்டில் பத்தொன்பது ஆண்டுகளாக அந்தச் சாவைப் பற்றி எவ்வளவு கதைத்திருப்பார்கள், பிள்ளையின் கையைப் பார்த்த தகப்பன் என்ன நினைத்திருப்பார் என்பதையெல்லாம் எந்த ஆய்வாளராலும் அளந்துவிட முடியாது. உடற்குறிகளைப் பற்றி ஸ்டீவன்சன் 1997இல் இரண்டு பெருந்தொகுதிகள் எழுதினார். தழும்பை முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்தும் சாவைப் பின்னர் தேடினார்களா என்ற கேள்வி அவற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் எனக்கு எழுகிறது.

அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. 1960களின் இறுதியில் எண்பூட்டு ஒன்றை வாங்கி, தமக்கு மட்டுமே தெரிந்த இரகசியச் சொல்லால் அதன் எண்களை அமைத்துத் தம் அலுவலகத்தில் வைத்தார். இறந்த பின்னர் அந்தச் சொல்லை எவர் மூலமாகவேனும் அனுப்ப முயல்வதாகச் சொல்லியிருந்தார். தம் சாவையும் சோதனைக்கு ஒப்புக்கொடுத்த மனிதர் அவர். அந்தப் பூட்டு திறந்ததாகச் செய்தி வரவில்லை.

தம்பிலுவில் தாய் எழுதியது:

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. நாவலடித் தாயின் இடத்தில் ஒருகாலம் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஐந்து வயது. அன்று காலை அவன் என் கையில் இருந்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை. 2009இல், உள்ளூர்க் கிராமம் ஒன்றில், 2006இல் பிறந்த ஆண் பிள்ளை ஒன்று கடலைக் கண்டு அலறுவதாகவும், "எண்ட அம்மா திருக்கோவில் பக்கம்" என்று சொல்வதாகவும் கேள்விப்பட்டோம். என் அண்ணன் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். எதையும் எழுதி வைக்காவிட்டால் அவருக்கு உறக்கம் வராது. அவர் முதலில் தனியாகப் போய், பிள்ளையின் தாய் சொன்னவற்றை ஒன்பது வரிகளாகக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். அதன் பிறகு எல்லோருமாகப் போனோம். முற்றத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். அந்தப் பிள்ளை ஓடி வந்து, என் மகனை வீட்டில் நாங்கள் கூப்பிடும் பெயரைச் சொல்லி, "நான்தான் குட்டான்" என்று என் சேலையைப் பிடித்தது. பதினொரு ஆண்டுகள் நான் அதை அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னேன். எவரும் மறுத்துச் சொல்லவில்லை.

2020இல் அண்ணன் இறந்தார். அவருடைய பெட்டியைத் துப்புரவு செய்தபோது அந்தக் கொப்பி கிடைத்தது. ஒன்பது வரிகளில் 'குட்டான்' என்ற பெயர் இல்லை. அடுத்த பக்கத்தில், சந்திப்பு நடந்த அன்றைய திகதியின் கீழே, பச்சை மையில் எழுதியிருந்தார்: 'முற்றத்துக்குள் போனதும் சின்னத் தங்கச்சி, குட்டான் இஞ்ச வா என்று கூப்பிட்டாள். பிள்ளை வந்தது. பெயர் எதுவும் சொல்லவில்லை. தங்கச்சி அழுதாள்.' அழுத தங்கச்சி நான். அந்த எழுத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளை பெயர் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்யக்கூடிய நிலையில் நான் இருந்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அது அந்தக் குரலில் கேட்கிறது.

அந்தப் பிள்ளை இன்று வாலிபன். உயர்தரம் எழுதிவிட்டான். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் உடுப்பு அனுப்புகிறேன். அவன் என்னைத் 'தம்பிலுவில் அம்மா' என்று கூப்பிடுகிறான். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் நான் அங்கே போகும்போதெல்லாம், என்னை மகிழ்விக்க என்ன சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவனுடைய சொந்தத் தாய் அப்போது திண்ணையில் பேசாமல் இருப்பார். அதை நான் அன்று கவனிக்கவில்லை.

கல்லடிக்காரி, நாவலடித் தாயிடம் கதைக்க ஆள் தேவையென்றால் நான் வருகிறேன்.

திருநீறு எழுதியது:

அம்மா எழுதியதை வாசித்த பின் அதிகம் எழுத மனமில்லை. சைவ சித்தாந்தி என்ற முறையில் ஒன்று மட்டும்: பிறப்பும் வினையும் உண்டு என்று நம்புகிற எனக்கு, ஒரு குழந்தையின் வாய்ச்சொல்லைச் சாட்சியாகக் கொண்டு அதை நிலைநாட்ட வேண்டிய தேவை இல்லை. உயிர் தன் முற்பிறப்பை மறந்திருப்பதை எங்கள் பெரியோர் அருளாகவே கண்டார்கள். ஐயம் தீர வேண்டுமென்றால், அறிதுயில் (ஹிப்னாடிசம்) நிலையில் முற்பிறப்புக்குக் கொண்டுசெல்லும் சிகிச்சை கொழும்பில் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைப் பற்றி எழுவான்கரைத் தங்கச்சி என்ன நினைக்கிறார்?

எழுவான்கரை எழுதியது:

ஐயா, பிள்ளையை அதற்குக் கொண்டுபோகவே வேண்டாம். ஸ்டீவன்சனே அந்த முறையை ஏற்கவில்லை. 1952இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அறிதுயிலுக்கு உட்படுத்தப்பட்ட ஒரு பெண், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் பிரைடி மேர்ஃபி என்ற பெயரில் வாழ்ந்ததாக அயர்லாந்து உச்சரிப்பிலேயே பேசினார். 1956இல் அது நூலாகி, நாடெங்கும் பேசப்பட்டது. அயர்லாந்தில் தேடியபோது அந்தப் பெயருக்குரிய பிறப்புப் பதிவோ இறப்புப் பதிவோ கிடைக்கவில்லை. அவருடைய சிறுவயதில் எதிர்வீட்டில் அயர்லாந்துப் பின்னணியுடைய ஒரு பெண் வாழ்ந்ததாகப் பத்திரிகையொன்று எழுதியது. கேட்டதை மறந்துபோய், கேட்டது என்ற நினைவில்லாமலே அது மேலெழுந்து வருவதற்கு ஆய்வாளர் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கனடாவின் நிக்கலஸ் ஸ்பானோஸ் 1991இல் வெளியிட்ட சோதனைகளில், அறிதுயிலுக்கு முன்னர் என்ன எதிர்பார்க்கும்படி சொல்லப்பட்டதோ அதற்கேற்பவே மக்கள் முற்பிறப்பை விவரித்தார்கள். வரலாற்றுச் செய்திகளிலும் பிழைவிட்டார்கள். தானாகப் பேசும் சிறு பிள்ளையின் பேச்சையும் இதையும் ஒன்றாகப் பார்க்கவே கூடாது.

தம்பிலுவில் அம்மா, உங்கள் அண்ணன் பச்சை மையில் எழுதிய அந்த மூன்று நான்கு வரிகள், நான் பல்கலைக்கழகத்தில் படித்த எத்தனையோ பக்கங்களை விட எனக்குப் பெரியவை. உங்களுக்கு என் வணக்கம்.

கல்லடிக்காரி எழுதியது:

நான்கு கிழமைகள் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பைத் தள்ளிவைத்தோம். தம்பிலுவில் அம்மா பேருந்தில் வந்து என்னோடு நாவலடிக்கு வந்தார். அவர்கள் இருவரும் வாசலில் இருந்து கதைத்த ஒன்றரை மணித்தியாலமும் நான் கிணற்றடியில் நின்றேன். அவர்கள் கதைத்ததை எழுத எனக்கு உரிமையில்லை. திரும்பும்போது நாவலடித் தாய், "நானும் எழுதித் தாறன்" என்றார்.

அதன்படி எங்கள் கொப்பியில் இருந்த பதினொரு வரிகளின் பிரதியை ஓர் உறையிலும், அவர் தம் மகளைப் பற்றி எழுதியதை இன்னோர் உறையிலும் ஒட்டி, படுவான்கரை ஐயாவிடம் கொடுத்தோம். எழுவான்கரைத் தங்கச்சியையும் வைத்துக்கொண்டு அவர் திறந்து பார்த்தார். கடலுக்குப் பக்கத்து வீடு, அண்ணனின் சைக்கிள், வெள்ளைப் பூனை, 'தண்ணி வந்திட்டு' ஆகிய நான்கும் பொருந்தின. அன்று கரையோரத்தில் இருந்த எத்தனை வீடுகளுக்கு இந்த நான்கும் பொருந்தும் என்று ஐயா கேட்டார்; எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை. நீலக் கேற்று பொருந்தவில்லை. அவர்களுடையது கிடுகு வேலி. தாய் கருவாடு காயப்போட்டவர் என்பதும் பொருந்தவில்லை. வீட்டுக்குப் பின்னால் மாதா கோயில் இருக்கவில்லை. அது அம்மம்மாவின் கேள்வியில் பிறந்தது என்பதனால் ஐயா அந்த வரியின் மேல் ஏற்கெனவே ஒரு கோடு இழுத்திருந்தார். மீதி நான்கும் எவராலும் சரிபார்க்க முடியாதவை. தோடும் அவற்றில் ஒன்று. அந்தப் பிள்ளை கிடைக்கவே இல்லை.

ஐயா இதையெல்லாம் வாசித்துச் சொன்னபோது நாவலடித் தாய் அழவில்லை. தோட்டைப் பற்றிய வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். தங்கையின் கணவரே அவரைச் சாப்பிட வரும்படி அழைத்தார். போன சனிக்கிழமை வந்தார். படம் கொண்டு வரவில்லை. பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை சிரட்டையில் மண் சோறு சமைத்துக் கொடுக்க, வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

ஒன்பது நாட்களாகப் பிள்ளை மற்ற வீட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. கொப்பி அலுமாரிக்கு மேலே பேனையோடு இருக்கிறது. அதன் பிரதியை எல்லோரின் பார்வைக்கும், பெயர்களை நீக்கி, ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன்.

படுவான்கரையார் எழுதியது:

பிரதி கிடைத்தது, மகள். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். எட்டாவது வரியில், வெள்ளைப் பூனையைப் பற்றிச் சொன்ன இடத்தில், திகதியும் அருகில் இருந்தவர் பெயரும் விடுபட்டிருக்கின்றன. நினைவிருந்தால் சேர்த்துவிடுங்கள், நினைவில்லாவிட்டால் வெறுமையாகவே விடுங்கள்.

கல்லடிக்காரி எழுதியது:

தங்கையிடமும் மச்சாளிடமும் தனித்தனியாகக் கேட்டேன், ஐயா. ஒருவர் செவ்வாய் என்கிறார், மற்றவர் வெள்ளி என்கிறார். வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.